தங்கையோடு பேசினால் 450 நஷ்டமா?

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடியே ஃப்ரீலான்ஸாக மொழிபெயர்ப்பு செய்கிறேன். வயது 38. 'உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று கண்டுபிடியுங்கள்' என்று போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 96,000 வருமானம், 160 மணி நேர வேலை, ஆக மணிக்கு 600 என்று வந்தது. முதலில் உதவியாகத்தான் இருந்தது, வெட்டி வேலைகளைக் குறைத்தேன். இப்போது அந்த எண் தலைக்குள் மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. இரவு 9 மணிக்குத் தங்கை கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினால் '450 போச்சே' என்று தோன்றுகிறது. ஒரு படம்கூட உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. 'நேரம் வேறு, பணம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதே' என்கிறார் என் கணவர். 'நேரமும் பணத்தில் ஒரு வகைதான், இல்லாவிட்டால் யாராவது எனக்கு ஏன் காசு கொடுக்கிறார்கள்?' என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

இன்னொன்று. ஒரு வாடிக்கையாளர், தினமும் மாலை 6 முதல் 10 வரை அவசர வேலை வந்தால் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கச் சொல்கிறார். வேலை வந்தால்தான் பணமாம். வராத நாளில் நான் சும்மா இருந்ததாகத்தானே கணக்கு? இதற்கு எவ்வளவு கேட்பது?

நிதி ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தத்துவத்துக்குப் போகுமுன் கூட்டல் கழித்தலைப் பார்த்துவிடுகிறேன். தொழில் புத்தி, விடாது. அந்த 600 என்ற எண்ணே தப்பு.

கடிதத்தோடு 12 மாத வரவு விவரத்தையும் இணைத்திருந்தீர்கள். 96,000 என்பது அதில் ஒரே ஒரு மாதம் வந்த தொகை, இருப்பதிலேயே நல்ல மாதம். (பயிற்சி வகுப்புகளில் நல்ல மாதத்தைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு உற்சாகம் வர வேண்டுமே!) சராசரி பார்த்தால் மாதம் 72,000. இணையம், மென்பொருள், மின்சாரம் என்று 8,000 போகிறது. வரி 4,000. கையில் நிற்பது 60,000. இனி நேரத்தின் பக்கம் வாருங்கள். 160 மணி என்பது மொழிபெயர்த்த நேரம் மட்டும். வேலை தேடி மின்னஞ்சல் எழுதியது, திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததைச் சரிசெய்தது, வராத பணத்துக்கு நினைவூட்டியது எல்லாம் இன்னொரு 40 மணி நேரம் பிடிக்கிறது என்று அந்த விவரத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். 60,000-ஐ 200-ஆல் வகுத்தால் 300. ஒரு வருடமாக உங்கள் தலைக்குள் ஓடும் மீட்டர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது.

சரி, 300 என்று திருத்திக்கொண்டால் தங்கையோடு பேசியதில் நஷ்டம் 225 என்று ஆகுமா? அதுவும் ஆகாது. 300 என்பது சராசரி. போன வருடம் எப்படிப் போனது என்பதை அது சொல்லும், இன்று இரவு 9 மணியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த 9 மணிக்கு உங்கள் முக்கால் மணி நேரத்தை வாங்கிக்கொள்ள யாராவது நின்றார்களா? கையில் வேலை இருந்ததா? இருந்திருந்தாலும், காலையிலிருந்து சொற்களோடு மல்லுக்கட்டிய மூளை இன்னொரு பக்கத்தை ஒழுங்காகச் செய்திருக்குமா, இல்லை அரைத்தூக்கத்தில் செய்ததை மறுநாள் காலை உட்கார்ந்து திருத்தியிருப்பீர்களா?

பொருளியலில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு. இதில் எல்லோரும் 'மதிப்பு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள், 'கைவிட்ட' என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். வராத வாடிக்கையாளரை எப்படிக் கைவிடுவது? அன்று இரவு நீங்கள் கைவிட்டது, அதிகம் போனால் சீக்கிரம் படுத்துத் தூங்கும் வாய்ப்பை. அதற்கும் மதிப்பு உண்டுதான், ஆனால் பணத்தில் இல்லை. ஆக நஷ்டக் கணக்கில் எழுத வேண்டிய தொகை பூஜ்யம். அதே முக்கால் மணி நேரத்தைக் காலை 10 மணிக்கு, நாளை ஒப்படைக்க வேண்டிய வேலை மேஜையில் கிடக்கும்போது பேசியிருந்தால் விஷயம் வேறு. அப்போது உண்மையிலேயே ஒரு தொகை போகிறது. கடிகாரத்தில் இரண்டும் 45 நிமிடம். ஒரு நோட்டு காலையிலும் இரவிலும் அதே நோட்டுதான், உங்கள் மணி நேரம் அப்படி இல்லை. நேரத்தைப் பணம் என்று சொல்வதற்கு எதிராக எனக்குத் தெரிந்த முதல் ஆட்சேபம் இதுதான்.

'நேரம் பணம்' என்ற வாசகத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இளம் தொழிலாளி ஒருவனுக்கு அறிவுரையாக 1748-ல் எழுதியது. அதில் அவர் கொடுத்த கணக்கைப் பாருங்கள். உழைத்தால் ஒரு நாளில் 10 ஷில்லிங் சம்பாதிக்கக்கூடியவன் அரை நாள் சும்மா சுற்றுகிறான், சுற்றியதில் ஆறு பென்ஸ்தான் செலவழித்தான். செலவு ஆறு பென்ஸ் என்று அவன் நினைக்கக் கூடாது, 5 ஷில்லிங்கையும் சேர்த்துத்தான் தூக்கி எறிந்திருக்கிறான் என்கிறார். உங்கள் 450 கணக்கின் தாத்தா இதுதான். ஆனால் அவர் கணக்கில் 'சம்பாதிக்கக்கூடியவன்' என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த அரை நாளுக்கு வேலை காத்திருக்கிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட அனுமானம். வாசகம் 270 வருடங்களுக்கும் மேலாக நடந்து வந்ததில் நிபந்தனை வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஃபிராங்க்ளின் அதே 1748-ல் தன் அச்சகத் தொழிலைக் கூட்டாளி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்துவிட்டு அன்றாட வேலையிலிருந்து விலகிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 42. லாபத்தில் பங்கு வந்துகொண்டிருந்தது, அவர் மின்சார ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். நேரம் பணம் என்று ஊருக்குச் சொன்ன வருடத்திலேயே தன் நேரத்தை விற்பதை மனிதர் நிறுத்திவிட்டார்!

இனி உங்கள் விவாதத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்திலும் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். கேரி பெக்கர் 1965-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு பொருளின் உண்மையான விலை அதற்குக் கொடுத்த காசு மட்டும் இல்லை, அதை அனுபவிக்கப் பிடிக்கும் நேரமும் சேர்ந்ததுதான் என்று நிறுவினார். 1992-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். படத்தின் விலை டிக்கெட் மட்டுமா, இரண்டரை மணி நேரமும் சேர்த்துத்தானே? இதை நான் மறுக்கவில்லை. நேரத்துக்குப் பணத்தில் ஒரு மதிப்புப் போட முடியும். ஆனால் மதிப்புப் போட முடிகிற எல்லாமே பணத்தின் வகை ஆகிவிடாது. உங்கள் வீட்டு நாற்காலிக்கும் மதிப்புப் போடலாம், அதைக் கொண்டுபோய் மின்கட்டணம் கட்ட முடியாது.

பணம் மூன்று வேலை செய்யும்: கைமாறும், அளக்கும், சேர்ந்து நிற்கும். அளப்பதில் நேரம் பணத்தைவிடக் கெட்டி. எந்த ஊரிலும் ஒரு மணிக்கு 60 நிமிடம்தான், அதற்குப் பணவீக்கம் கிடையாது. கைமாறுவதில் பாதிதான் தேறும். உங்கள் வாடிக்கையாளர் காசு கொடுத்தது மொழிபெயர்த்த பக்கத்துக்கு. அதைச் செய்ய உங்களுக்கு ஒரு மணி ஆனதா, மூன்று மணி ஆனதா என்று அவர் கேட்பதே இல்லை. உங்கள் மணி நேரம் அவரிடம் போகவும் இல்லை, அவருடைய ஆயுளில் ஒரு மணி கூடவும் இல்லை. சேர்ந்து நிற்பதில்தான் நேரம் அடியோடு தோற்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம் வருகிறது, 168-ம் போகிறது. பணத்தைச் செலவழிக்காமல் இருக்கலாம். நேரத்தைச் செலவழிக்காமல் இருக்க யாராலும் முடியாது. தூங்கினாலும் போகும். இருப்பு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதியும் இல்லை. வள்ளுவர் நாளைக் காசோடு ஒப்பிடவில்லை, உயிரை அறுக்கும் வாளோடு ஒப்பிட்டார். கணக்கர் பார்வையில் அது சரியான ஒப்பீடு. காசு பையில் கிடக்கும், வாள் அறுத்துக்கொண்டே இருக்கும்.

தொழிலில் நான் பார்க்கும் பண்டங்களில் நேரத்துக்கு மிக நெருக்கமானது பணம் இல்லை, விமானத்தின் காலி இருக்கை. புறப்படும் நிமிடம் வரை அதற்கு ஒரு விலை, புறப்பட்ட பிறகு எதுவும் இல்லை. நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. அதனால்தான் கடைசி நேரத்தில் ஒரே இருக்கை ஒருநாள் அடிமாட்டு விலைக்கும் இன்னொரு நாள் கொள்ளை விலைக்கும் போகிறது.

வெட்டி வேலைகளைக் குறைத்து 'நேரத்தை மிச்சப்படுத்துகிறேன்' என்றுதானே நினைக்கிறீர்கள்? மிச்சப்படுத்தியது எங்கே இருக்கிறது? இது குத்தலாகக் கேட்பது இல்லை, என்னிடம் வருகிற எல்லோரையும் கேட்பேன். பணத்தை மிச்சம் பிடித்தால் கணக்குப் புத்தகத்தில் காட்டலாம். நேரத்தில் மிச்சம் என்பது இன்றே வேறொன்றில் செலவானது என்று மட்டும்தான் அர்த்தம். எதில் செலவாக வேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானிக்காவிட்டால் அது தானாக ஒரு பள்ளத்தைப் பார்த்து ஓடும், பெரும்பாலும் கைபேசித் திரைக்கு. தங்கையின் பேச்சைப் பத்து நிமிடத்தில் முடித்த இரவுகளில் மீதி 35 நிமிடம் என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள். அதில் மொழிபெயர்த்தீர்களா?

நேரத்தையே நேரடியாக நாணயமாக ஆக்கிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜோசையா வாரன் 1827-ல் ஒரு கடை திறந்தார். சரக்கை ஏறக்குறைய வாங்கிய விலைக்கே கொடுப்பார். கடைக்காரரின் உழைப்புக்கு மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, வாங்க வந்தவர் அதே அளவு நேரம் உழைத்துத் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கடை ஓடத்தான் செய்தது, 1830-ல் அவரே மூடிவிட்டு வேறு சோதனைகளுக்குப் போனார். லண்டனில் ராபர்ட் ஓவன் 1832-ல் தொடங்கிய உழைப்புப் பரிமாற்றச் சந்தையில் மணிக்கணக்கில் அச்சடித்த நோட்டுகளே புழங்கின. அது 1834-க்குள் படுத்துவிட்டது. வெளியே எளிதில் விலைபோகும் பொருள்கள் சட்டென்று காலியாகின, யாருக்கும் வேண்டாத பொருள்கள் தேங்கின. ஒன்றைச் செய்ய எத்தனை மணி நேரம் பிடித்தது என்பது, அது யாருக்காவது வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது அல்லவா?

அதே யோசனை பின்னால் வேறு இடத்தில் நன்றாகவே வேர்பிடித்தது. ஜப்பானின் ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி 1973-ல் தொடங்கிய தன்னார்வ உழைப்பு வங்கியில், இன்று ஒருவருக்கு நான் உதவிய மணி நேரம் என் கணக்கில் ஏறும், எனக்குத் தேவை வரும்போது வேறொருவரின் மணி நேரமாக அது திரும்பி வரும். இப்படிப்பட்ட நேர வங்கிகள் பிறகு பல நாடுகளில் வந்தன. பொதுவாக அங்கே மருத்துவரின் ஒரு மணியும் தோட்டக்காரரின் ஒரு மணியும் சமம். மனதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் அங்கே சேர்வது நேரம் இல்லை. 'உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்' என்ற பதிவு சேர்கிறது. அந்தப் பதிவுதான் பணம் போல நடந்துகொள்கிறது. நேரம் வழக்கம் போலப் போய்விட்டது.

அப்படியானால் உங்கள் கணவர் ஜெயித்துவிட்டாரா? அவசரப்பட வேண்டாம். 'நேரம் வேறு, பணம் வேறு' என்று அவர் முழுசாகப் பிரித்துவிடுவதும் சரியில்லை. வட்டி என்ற ஒன்று இருக்கிறதே! காலத்துக்குப் போட்ட விலைதான் வட்டி. இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைக் கண்டித்த கிறிஸ்தவ அறிஞர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, வட்டிக்காரன் காலத்தை விற்கிறான், காலம் கடவுளுக்குச் சொந்தம் என்பது. கண்டனத்தை விடுங்கள், அவர்கள் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், வீட்டில் கணவரோடு சேர்ந்து பாருங்கள். வருடத்துக்கு 8 சதவீதம் கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 25 வயதிலிருந்து வருடத்துக்கு 1,000 வீதம் 10 வருடம் மட்டும் போடுகிறார், அப்புறம் ஒரு காசும் போடாமல் 30 வருடம் விட்டுவைக்கிறார். இன்னொருவர் 35-ல் தொடங்கி அதே 1,000-ஐ 30 வருடமும் விடாமல் போடுகிறார். 65 வயதில் முதலாமவரிடம் ஏறக்குறைய 1,45,800 இருக்கும். இரண்டாமவரிடம் 1,13,300-தான் இருக்கும். போட்ட முதல் 10,000 எங்கே, 30,000 எங்கே! முதலாமவர் கூடுதலாகப் போட்டது 10 வருடக் காலத்தை மட்டும். பணத்தை அது நிஜமாகவே பெற்றுத் தந்திருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், அந்தக் காலம் உங்கள் மேஜைக் கடிகாரத்தில் ஓடும் நேரம் இல்லை. அவர் அந்த 30 வருடமும் தூங்கியிருந்தாலும், தங்கையோடு பேசிக்கொண்டே இருந்திருந்தாலும் தொகை ஒரு காசு குறைந்திருக்காது.

நம் மொழியில் இதற்குத் தனித்தனிச் சொற்களே இருக்கின்றன, நாம்தான் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறோம். நேரத்தைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் வருவதெல்லாம் பணத்தின் வினைச்சொற்கள்: நேரம் செலவாகும், மிச்சமாகும், வீணாகும், ஒதுக்கலாம், கொடுக்கலாம். காலம் ஓடும், கனியும், கடத்தப்படும். கூட்டு வட்டி இந்தக் காலத்தின் பிள்ளை. பொழுது என்று இன்னொன்று இருக்கிறது. அது விடியும், சாயும், கழியும், போகும். 'பொழுதைச் செலவழித்தேன்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விற்றவர்களையும் கேட்டதில்லை. கூலி வாங்கும்போது விற்பது நேரத்தை. வட்டி வாங்கும்போது விற்பது காலத்தை. தங்கையோடு பேசிக் கழிந்தது பொழுது. உங்கள் 600 என்ற சீட்டு முதலாவதற்கு எழுதியது, அதைக் கொண்டுபோய் மூன்றாவதன் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். அதுதான் ஒட்டவில்லை. (இலக்கணப் பண்டிதர்கள் இந்தப் பாகுபாட்டில் பத்து விதிவிலக்கு காட்டுவார்கள். காட்டட்டும். மொழிபெயர்ப்பாளரான உங்களுக்குப் பதினொன்றாவதும் தெரிந்திருக்கும்.)

சீட்டை ஒட்டிவிட்டால் உரிப்பது கஷ்டம் என்பதற்குச் சோதனைகளும் இருக்கின்றன. டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் டிவோ, ஜூலியன் ஹவுஸ் இருவரும் 2012-ல் வெளியிட்டது ஒன்று. சிலரைத் தங்கள் ஒரு மணி நேரக் கூலியைக் கணக்குப் போடச் செய்துவிட்டு ஒரு சிறு இசைத் துண்டைக் கேட்கவைத்தார்கள். ஒன்றரை நிமிடம்கூட இல்லை. கணக்குப் போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பொறுமையிழந்தார்கள், ரசிப்பும் குறைந்தது. இசை கேட்பதற்கே அவர்களுக்குக் காசு கொடுத்தபோது அந்தப் பொறுமையின்மை காணாமல்போனது. நீங்கள் படம் பார்க்க முடியாமல் தவிப்பதில் உங்கள் குணத்தில் ஏதும் கோளாறு இல்லை. அந்த வகுப்பில் போட்ட கணக்கின் பக்கவிளைவு அது.

இன்னொன்று இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்தது. பெற்றோர் சிலர் மாலையில் தாமதமாக வருகிறார்கள் என்று சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூச்சப்பட்டவர்கள், அதற்குத்தான் காசு கொடுக்கிறோமே என்று நிம்மதியாகத் தாமதித்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. யூரி நீசியும் ஆல்டோ ரஸ்டிகினியும் 2000-ல் இதை எழுதினார்கள். ஆகவே நாளை காலை முதல் மீட்டர் நின்றுவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கப்போவதில்லை. ஓடும் இடத்தைக் குறைக்கலாம். காலை 9 முதல் மாலை 5 வரை, வேலை மேஜையில் இருக்கும்போது மட்டும் 300-ஐ எடுங்கள். புது வேலைக்கு விலை சொல்ல, ஒரு வேலையை ஏற்பதா மறுப்பதா என்று பார்க்க, எதையாவது வெளியே கொடுத்துச் செய்யலாமா என்று முடிவெடுக்க. 5 மணிக்கு மேல் அந்த எண் மனதில் வந்தால் 'இப்போது வாங்க யார் நிற்கிறார்கள்?' என்று கேட்டுப்பாருங்கள். யாரும் இல்லையென்றால் விலையும் இல்லை.

வெளியே கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் நேரம் ஆகாதுதான், ஆனால் பணம் கொடுத்துப் பிடிக்காத வேலையிலிருந்து விடுபடலாம். ஆஷ்லி வில்லன்ஸும் சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை செய்யும் சிலருக்கு இரண்டு வார இறுதிகளில் தலா 40 டாலர் கொடுத்தார்கள். ஒரு வாரம் அதில் பொருள் வாங்க வேண்டும், இன்னொரு வாரம் தங்கள் நேரத்தை மீட்டுத் தரும் எதற்காவது செலவிட வேண்டும். நேரத்தை மீட்ட நாளில் அவர்களின் மனநிலை மேலாக இருந்தது. உங்கள் 40 மணி நேரத்தில் பணத்துக்கு நினைவூட்டும் 10 மணி நேரத்தை மணிக்கு 150 கொடுத்து ஒருவரிடம் விடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 1,500. மீண்ட 10 மணியில் கூலி வேலை செய்தால்தான் 3,000 வரும். செய்யாமல் நடக்கப் போனீர்கள் என்றால் 1,500 செலவு, அவ்வளவுதான். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் 'லாபம்' என்ற தலைப்பில் எழுதாதீர்கள்.

இனி அந்த 6 முதல் 10. 'சும்மா இருந்ததாகத்தானே கணக்கு' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இங்கேதான் உங்கள் மணி நேரம் நிஜமாகவே விற்பனைக்கு வருகிறது, நீங்கள் அதை இலவசமாகக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்! தீப்பிடித்தால்தான் சம்பளம் என்று தீயணைப்பு நிலையம் நடத்த முடியுமா? பெல்ஜியத்தின் நிவேல் நகரில் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர், அழைத்தால் 8 நிமிடத்தில் நிலையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வீட்டிலேயே காத்திருந்தார். அந்தக் காத்திருப்பும் வேலை நேரமே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு எவ்வளவு ஊதியம் என்பதை நாட்டுச் சட்டங்களுக்கு விட்டுவிட்டது. அது தொழிலாளர் வழக்கு, நீங்கள் சுயதொழில் செய்பவர். ஆகவே சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, தர்க்கம் பொருந்தும். எவ்வளவு வேகமாக ஓடிவர வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் அந்த நேரம் யாருடையது என்பது.

எனவே முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: மின்னஞ்சல் வந்து எவ்வளவு நேரத்துக்குள் தொடங்க வேண்டும்? இரண்டு மணி நேரம் என்றால் நீங்கள் வெளியே போய் வரலாம். காத்திருப்புக்கு மணிக்கு 100 போதும். 15 நிமிடம் என்றால் வீட்டை விட்டு நகர முடியாது, மணிக்கு 150-க்குக் குறைய வேண்டாம். தினமும் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரத்துக்கு 5 மாலை போதும். மாதத்துக்கு ஏறக்குறைய 22 மாலை, 88 மணி. காத்திருப்புக் கட்டணம் முதல் வகையில் 8,800, இரண்டாம் வகையில் 13,200. வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதத் தொடக்கத்திலேயே வர வேண்டும். வேலை வந்தால் அதற்குத் தனிக் கூலி, வழக்கமான விலையைப் போல ஒன்றரை மடங்கு. களைத்த மூளையின் கடைசி மணி நேரத்துக்கு அந்த விலை நியாயம்தான்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு விஷயம். தங்கை கூப்பிடும் 9 மணி இந்த நான்கு மணி நேரத்துக்குள்தான் வருகிறது. இதுவரை அந்த நேரத்தை வாங்க ஆள் இல்லை, அதனால் உங்கள் 450 கற்பனை. இனி ஆள் உண்டு. 15 நிமிட நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால், பேச்சின் நடுவில் மின்னஞ்சல் வந்ததும் போனை வைத்துத்தான் ஆக வேண்டும். எந்த இரண்டு மாலைகளை விற்காமல் வைத்துக்கொள்வது என்று அவளையும் கேட்டு முடிவுசெய்துவிட்டு, அந்தக் கிழமைகளை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். காத்திருப்புக் கட்டணத்துக்கு வாடிக்கையாளர் மறுத்தால் சண்டை வேண்டாம். மாலை 6 மணிக்கு மேல் வரும் வேலை மறுநாள் காலை 9 மணிக்கு எடுக்கப்படும் என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.